வண்டிகள் என் பொறுப்பு

என் கணவர் நடத்திய போர்களுக்கெல்லாம் சோறு போட்டவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்தக் கணினி விளையாட்டில் எங்கள் ஏற்பாடே அப்படித்தான். ஒரே நாட்டை இருவரும் சேர்ந்து ஆள்வோம். குதிரைப்படை, வில்வீரர்கள், கோட்டை இடிக்கும் யந்திரங்கள் எல்லாம் அவர் கையில். மரம் வெட்டுகிறவர்கள், வயல் செய்கிறவர்கள், பக்கத்து நட்பு நாட்டுக்குச் சரக்கு கொண்டுபோய்த் தங்கத்தோடு திரும்பும் வாணிப வண்டிகள் எல்லாம் என் கையில். யார் இப்படிப் பிரித்தது என்று நான் கேட்டதில்லை. கல்யாணத்தன்றே பிரித்தாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அவருக்குக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. எனக்கு மலையகத்தில், தலவாக்கலையில், நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் கொமினிகேசன் கடையில் போட்டோ கொப்பி எடுப்பதும், போனுக்கு ரீலோட் போடுவதும், தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவதும். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மேல் டவுனில் ஆள் குறைந்துவிடும். நானா சாப்பிட்டுக் கண்ணயர வீட்டுக்குப் போவார். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் இங்கே கடைக் கணினியில், அவர் அங்கே. கல்யாணமான இந்த நாலு வருடத்தில் அவர் நேரில் வந்தது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும்தான்.

போன மாதம் நானா பக்கத்து டவுனான ஹட்டனில் இன்னொரு கடை திறக்க இடம் பார்த்தார். என்னிடம் வந்து, "ஒங்கட மாப்புள வாறதுண்டா அந்தக் கடைய அவர்ட கையிலயே குடுக்கிறன். திங்கக்கெழமைக்குள்ள சொல்லுங்க" என்றார். அன்றிரவே மனதுக்குள் அவருக்கு இடியப்பம் அவித்துப் போட்டுவிட்டேன். அவ்வளவு ஆசை எனக்கு. ஆனால் உடனே கேட்கவில்லை. ஒரு போரில் ஜெயித்தால் அவர் நல்ல மனுசர். தோற்றால் இரண்டு நாளைக்குப் போனை எடுக்க மாட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை முதலில் ஜெயிப்பது, அப்புறம் கேட்பது என்று முடிவு செய்தேன்.

அந்த முக்கியமான நாளில்தான் போர் நடுவே தங்கம் தீர்ந்தது.

"என்ன புள்ள, தங்கம் வரவே மாட்டேங்குது?"

"வண்டியெல்லாம் ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு. ஒண்ணுகூட நிக்கல."

"நம்ம சந்தைய எங்க போட்ட?"

"அந்த நட்பு நாட்டுச் சந்தைக்குப் பக்கத்துலயேதான். பாவம், எதுக்கு அதுங்கள அம்புட்டுத் தூரம் நடக்க வைக்கணும்?"

ஹெட்போனில் அவருடைய குதிரைகள் சாகும் சத்தம் கேட்டது.

நான் செய்ததில் தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். அம்மா கொழுந்து பறிக்கிறவர். கொழுந்து நிறுக்கும் இடம் அன்று பறிக்கிற மலைக்குப் பக்கத்தில் விழுந்தால் அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள். தூரத்தில் விழுந்தால் முழுச் சாக்கையும் முதுகில் சுமந்து ஏறி இறங்கி வந்து, அந்தக் கோபத்தைச் சட்டி பானையில் காட்டுவார். தராசு கிட்ட இருந்தால் அது நல்ல நிர்வாகம் என்றே வளர்ந்தவள் நான். இந்த விளையாட்டைச் செய்தவர்கள் ஒரு நாளும் கொழுந்துச் சாக்கு தூக்கியிருக்க மாட்டார்கள்.

"இதுல பாவம் புண்ணியம் பாக்க முடியாது. தூரமாப் போனாத்தான் ஒரு நடைக்கு வர்ற தங்கம் கூட. தூக்கி அந்தக் கோடியில போடு."

போட்டேன். வண்டிகள் காட்டைச் சுற்றி, ஆற்றைக் கடந்து, எதிரியின் மூக்குக்குக் கீழே ஊர்ந்தன. இரண்டு வண்டிகளை எரித்துவிட்டார்கள். காவலுக்கு நாலு வீரர்களை அனுப்பச் சொன்னேன். "இங்க ஆள் பத்தல, நீயே சமாளி" என்றார். கூரை ஒழுகியபோதும் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் கேட்ட பதில்தான். பழக்கம் இருந்ததால் சமாளித்தேன். வழியில் இரண்டு காவல் கோபுரங்கள் கட்டினேன். தங்கம் கொட்டத் தொடங்கியது. அவர் குதிரைகளாகச் செய்து தள்ளினார். நாலு மணிக்குள் எதிரியின் கோட்டை விழுந்தது.

"ஜெயிச்சிட்டேன் புள்ள" என்றார். நான் திருத்தவில்லை. கேட்க வேண்டிய காரியம் இருந்ததே.

ஹட்டன் கடையைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். பிறகு, "ஹட்டன்ல இருந்து என்ன தேறும்? இப்பதானே நீயே பாத்த. தூரமா இருந்தாத்தான் கூட வரும்" என்றார். கிண்டல் இல்லை. நல்ல உதாரணம் கிடைத்த சந்தோசம் குரலிலேயே தெரிந்தது. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"போற எடத்துல தங்கம் சேர்றதில்லைங்க. திரும்பி நம்ம சந்தைக்குள்ள வந்தாத்தான் சேருது. நீங்க எப்ப வரப் போறீங்க?"

"அதான் தீபாவளிக்கு வர்றேனே" என்றார்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் ஹட்டன் கடையை நானே பார்க்கிறேன் என்று நானாவிடம் சொன்னேன். "மாப்புள வரல்லையா?" என்று கேட்டார். அவருக்கு அங்கே வேலை கூட என்றேன். நானா தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். "அதுவும் நல்லம்தான். ஒங்கள எனக்குத் தெரியும். அவர நான் கண்டதே ரெண்டு தரம்" என்று சாவியைக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போர் தொடங்கும் முன்பே கணவரிடம் விசயத்தைச் சொல்லிவிட்டேன். புதுக் கடை, இனி ஞாயிறும் ஹட்டனில்தான், விளையாட நேரம் இருக்காது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தனியாகச் சமாளிப்பாயா, பஸ்ஸில் எப்படிப் போய் வருவாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். அவர் அதில் எதையும் கேட்கவில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமையில வண்டிய யாரு பாக்குறது?" என்றார்.

நான் இல்லாமல் ஓடாத ஒரு காரியம் தன் வாழ்க்கையில் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.