பத்தொன்பதாம் சதுரம்

நவம்பர் பிறந்ததும் எங்கள் தெருவில் தடிகள் முளைத்துவிடும். இடுப்பளவு உயரம், செம்மஞ்சள் நிறத் தலை, வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு பட்டி. பனி கொட்டி எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்ட பிறகு நடைபாதை எங்கே முடிகிறது, வீட்டுக்காரரின் புல்தரை எங்கே தொடங்குகிறது என்று பனி வாரும் இயந்திரத்தை ஓட்டுபவருக்குத் தெரியவேண்டும் அல்லவா, அதற்காக நடுபவை இவை. மொன்ட்ரியால்-நோருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. ஆயினும் முதல் தடியைக் காணும் காலையில் ஒரு கணம் நின்று பார்க்காமல் நான் கடந்து போவதில்லை. முன்னெல்லாம் அது வெறும் வேடிக்கை. இந்த ஆண்டு நின்றபோது முகம் சுட்டது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கும் என்னைப்போல் இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் அதன் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆண்டின் பெரும்பகுதி நான் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சோறு ஊட்டுகிறேன். மே மாத இறுதியில் விமானம் ஏறி நாட்டின் மறுபக்கம் போய்விடுவேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில், மலைகள் மழையை மறித்துவிட்ட சில பள்ளத்தாக்குகள் உண்டு. கனடா என்றால் பனியும் ஊசியிலை மரமும் என்று எண்ணுபவர்கள் அந்த வறட்சியைக் கண்டால் நம்பமாட்டார்கள். சேஜ்பிரஷ் என்ற சாம்பல்நிறப் புதர் அங்கே சரிவு சரிவாகப் படர்ந்திருக்கும். இலையைக் கசக்கினால் கற்பூரத்தில் கசப்புக் கலந்தாற்போல ஒரு மணம் எழும். காட்டுத்தீ வந்தால் இந்தப் புதர் அடியோடு மாண்டுவிடும்; வேரிலிருந்து தளிர்க்கத் தெரியாதது அது. விதையிலிருந்துதான் திரும்பிவர வேண்டும். அதற்குள் வேற்றுநாட்டிலிருந்து வந்த ஒரு புல் முந்திக்கொண்டு நிலத்தை மூடிவிடும். எரிந்த சரிவில் எது திரும்பி வருகிறது, எது வரவில்லை என்று ஆண்டுதோறும் எண்ணுவது எங்கள் வேலை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த தாவரவியல் இந்நாட்டில் எனக்குக் கைகொடுத்தது இந்த ஒன்றில் மட்டுமே.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. மீற்றருக்கு மீற்றர் சதுரம். அதன் நான்கு மூலைகளிலும் நிலத்தில் அறைந்த இரும்புக் கம்பி. கம்பியின் தலையில் சிவப்பு வண்ணம். முழந்தாளிட்டுக் குனிந்து சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு முளையையும் விரலால் விலக்கிப் பார்த்து எழுதவேண்டும். பிறகு நான்கு பக்கங்களிலிருந்தும் நான்கு படங்கள். ஒன்றும் இல்லையென்றால் பூச்சியம் என்று எழுதவேண்டும். பூச்சியமும் ஒரு கண்டுபிடிப்பு என்பார் கிளேர். அவர் எங்கள் களத்தலைவி. அறுபதைத் தாண்டியவர், இடுப்பில் வலி உள்ளவர், அந்தச் சரிவுகளைத் தம் வீட்டு அறைகளைப்போல் அறிந்தவர். எங்கள் குழு என்பது அவரும் நானும் மட்டுமே.

இதே முறையில் வேறொன்றைத் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும். என் பெரியம்மாவின் மகள் றீற்றா அக்கா. மன்னாரில் மக்கள் மீளக் குடியேறத் தொடங்கிய காலத்தில் மிதிவெடி அகற்றும் அணியில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவள். ‘லைன்’ என்று அவர்கள் சொல்லும் ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழந்தாளிட்டு, தலைக்கவசத்துக்குள் வியர்வை வழிய, பல்லுள்ள சிறு வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். சிவப்புத் தலைத் தடி நின்றால் அதற்கு அப்பால் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். வெள்ளைத் தடி நின்றால் பார்த்து முடிந்தது. குழந்தையும் ஓடி விளையாடலாம். அப்போது நான் கொழும்பில் ஆசிரியையாக இருந்தேன். அந்த நிலத்தில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. சிவப்புத் தடிகளின் பக்கத்தில் நின்று சிரித்தபடி அக்கா அனுப்பிய ஒரு படத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கடந்த ஜூலையில் நான் இதை மறந்ததுபோல் நடந்துகொண்டேன்.

அன்று கிளேர் கீழ்ச்சரிவில் இருந்தார். மேலே உள்ள தட்டையான நிலம் என் பொறுப்பு. அங்கே புதர் முளை இல்லையென்றால் இலையுதிர் காலத்தில் விதைப்பு இயந்திரத்தை ஏற்றி உழுது விதைப்பார்கள்; முளை இருந்தால் தொடமாட்டார்கள். பதினெட்டுச் சதுரங்களை முடித்திருந்தேன். பதினெட்டிலும் பூச்சியம். பத்தொன்பதாவது ஒரு பாறைக்கு அப்பால், இன்னும் இருநூறு மீற்றர் ஏறவேண்டிய இடத்தில் இருந்தது. வெயில் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு மயக்கம் வரவில்லை. பாம்பு எதுவும் குறுக்கே வரவில்லை. எனக்கு வந்தது சலிப்பு. அங்கேயும் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கருகிய ஓர் அடிக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, சென்ற ஆண்டின் தாளைப் பார்த்து, புல்லின் அளவைச் சிறிது கூட்டி, முளைக்குப் பூச்சியம் எழுதினேன். பதினெட்டாம் சதுரத்தையே திரும்பி நின்று நான்கு தடவை படமெடுத்துக்கொண்டு இறங்கிவந்தேன்.

மறுநாள் காலை, விடுதியின் சிறிய மேசையில் கோப்பிக் கோப்பையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிளேர் படங்களைத் திறந்தார். “இது பதினெட்டுத்தானே? அதே கரிக்கட்டை இரண்டிலும் இருக்கிறது” என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல. சதுரத்தின் எண்ணை மாற்றிப் போட்டிருப்பேன் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். ஓம், மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை என்றே சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. “அந்தச் சிவப்புத் தலைகள்... எங்கள் ஊரில் அவை மிதிவெடி நிலத்தின் எல்லை. அதற்குள் கால் வைக்க என்னால் முடியவில்லை” என்றேன். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு உண்மையானது; பிடிபட்டவளின் தழுதழுப்பு.

அப்படியானால் மற்றப் பதினெட்டுக்குள் எப்படிப் போனாய் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என் கதை அந்த மேசையிலேயே சரிந்து விழுந்திருக்கும். ஆனால் கிளேரின் கண்கள் நிறைந்தன. “அந்தப் பயத்தோடா பதினெட்டுக்குள் இறங்கினாய்?” என்றார். என் பொய்யில் இருந்த ஓட்டையை அவர் என் துணிவு என்று எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் அவர் அடக்கம் என்றே எடுத்திருப்பார்.

அன்றே அவர் தனியாக மேலே ஏறினார். மாலையில் நொண்டிக்கொண்டு இறங்கிவந்தவரின் முகம் மலர்ந்திருந்தது. ஒரு கையின் ஐந்து விரலும் மறு கையின் இரண்டு விரலும் விரித்துக் காட்டினார். ஏழு முளைகள். பாறையின் நிழல் விழும் அந்த ஒரு மீற்றருக்குள், கட்டைவிரல் உயரத்தில், சாம்பல்நிற இலையோடு ஏழு. நான் பூச்சியம் என்று எழுதிய இடத்தில், நான் எழுதிய பூச்சியத்தை நம்பி இயந்திரம் ஏறியிருக்கக்கூடிய இடத்தில். அதன் பின் இரண்டு நாட்கள் அவர் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. சரிவு முழுவதும் நடந்து ஒவ்வொரு கம்பியின் சிவப்புத் தலைக்கும் நீல வண்ணம் பூசினார். நான் வண்ணக் குவளையைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் போனேன். அந்த இரண்டு நாட்களில் எத்தனை தடவை வாய் திறந்து மூடினேன் என்று எனக்கே கணக்கில்லை.

நான் குடும்ப அனுசரணையில் குடியேறியவள், அகதியாக வந்தவள் அல்ல. என் துன்பத்தை அதிகாரியின் முன் வைத்து ‘நம்புங்கள்’ என்று கேட்கும் நிலை எனக்கு வந்ததில்லை. ஆனால் அப்படிக் கேட்க நேர்ந்த சிலருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருக்கிறேன். எந்த வாக்கியத்தில் எதிரே இருப்பவரின் முகம் இளகும், எந்த இடத்தில் பேனா நின்றுவிடும் என்று அருகிலிருந்து பார்த்தவள். அவர்கள் பட்டதைச் சொன்னார்கள். அவர்களிடம் கற்ற அந்த இடத்தை நான் ஒரு சோம்பலை மறைக்கப் பயன்படுத்தினேன். நம்மில் ஒருவர் உண்மையாகவே நடுங்கி நிற்கும் நாளில், என்போன்ற ஒருத்தி முன்பே செலவழித்துவிட்ட நம்பிக்கையை அவர் எங்கே போய்த் தேடுவார்?

இம்மாதத் தொடக்கத்தில் கிளேரின் மின்னஞ்சல் வந்தது. பிற பள்ளத்தாக்குகளில் வேலை செய்யும் குழுக்களுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதுகிறாராம். இனி எங்கும் சிவப்பு வேண்டாம் என்பதற்கு என் அனுபவத்தைப் பெயரில்லாமல் சேர்க்க அனுமதி வேண்டுமாம். ஒரு வாரம் பதில் எழுதவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து சமையலறையில் அக்காவோடு கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். அக்கா இங்கே வந்து ஐந்து ஆண்டுகள், சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் வேலை, என்னோடுதான் இருக்கிறாள்.

“என்னடி, கணவாயைப் பாத்து அழுறாய்? வெங்காயம் அங்கால கிடக்கு.”

“அக்கா, உங்கட தடியை வச்சு ஒரு பொய் சொல்லிப்போட்டன்.”

“என்ர தடியோ? எந்தத் தடி?”

முழுவதையும் சொன்னேன். நீல வண்ணம் வரும்வரை கணவாயை வெட்டியபடி கேட்டவள், அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். “மலை முழுக்கவோ? பாவம் அந்த மனிசி! இடுப்பு நோவோட! ஆறு வருசம் அதுக்குள்ளயே கிடந்தனான், எனக்கு ஒருத்தரும் ஒரு தடிக்கும் நிறம் மாத்தேல்லை.” நானும் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“பொறு. அந்தச் சதுரத்தைப் பாத்தனியோ, பாக்கேல்லையோ?”

“பாக்கேல்லை.”

“பாக்காமல் ஒண்டுமில்லை எண்டு எழுதினனி?”

“ஓம். புல்லுத்தானே அக்கா. வெடிக்கவே போகுது?”

“ஏழு கிடந்ததெண்டு நீதானே சொன்னனி.” கத்தியைத் தொட்டிக்குள் போட்டாள். “கதையை நீயே வச்சிரு, எனக்கு அது வேண்டாம். பாக்காத இடத்துக்கு வெள்ளைத் தடி குத்திப்போட்டு வந்திருக்கிறாய். எங்கட லைனிலயெண்டால் உன்னோட ஒருத்தரும் தேத்தண்ணி குடிச்சிருக்கமாட்டினம்.” கணவாய்க் கறியைத் தானே வைத்து, எனக்கும் ஒரு கோப்பையில் போட்டு மூடிவைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அவளிடம் இரவல் வாங்கிய துயரத்துக்காக அவள் கோபிப்பாள் என்று எண்ணியிருந்தேன். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. நான் வெட்கப்பட வேண்டிய இடத்தைக்கூடத் தவறாகக் குறித்து வைத்திருந்தேன் போலும்.

அன்று மாலையே கிளேருக்கு எழுதினேன். சிவப்பு என்னை அச்சுறுத்தவில்லை. நான் சலித்துப்போய் ஏறவில்லை. தடிகள் என் அக்காவுடையவை. அவள் பார்க்காத ஓர் அங்குலத்தையும் பார்த்ததாகச் சொன்னவள் அல்லள். அந்தக் குறிப்பு இன்னொருவருக்கு உதவும் என்றால் எழுதுங்கள், ஆனால் என்னை வைத்து எழுதாதீர்கள். ஒன்பது நாட்கள் கழித்துப் பதில் வந்தது. கம்பிகள் நீலமாகவே இருக்கும் என்றும், களக்குறிப்பேட்டில் நிறம் மாறியதற்கான காரணத்தை மட்டும் திருத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். ‘மே மாதம் வா. பத்தொன்பதை நீ எண்ணு. நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.’ முன்பு எந்தக் கோடையிலும் அவர் என் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

சென்ற சனிக்கிழமை, மாடியில் குடியிருக்கும் எங்கள் வீட்டுக்காரர், முதுகு பிடித்துக்கொண்டதென்று ஒரு கட்டுச் செம்மஞ்சள் தடிகளை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அவற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு நூலை இழுத்து நுனியை என் கையில் தந்தாள். ஒவ்வொன்றையும் அறைந்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கோணியதைப் பிடுங்கி மீண்டும் அறைந்தாள். வீட்டுக்காரர் மாடியிலிருந்து, “பா கிராவ், மதாம், பா கிராவ்!” என்று கையசைத்தார்.

“என்னவாம்?”

“கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லையாம்.”

“அவர் மேல நிண்டு சொல்லுவார். பனிக்குள்ள வாறவனுக்கெல்லோ தெரியும்.”

முதல் பனித்துகள்கள் விழத் தொடங்கியிருந்தன. மலைமேல் அந்தத் தட்டையான நிலத்திலும் இந்நேரம் விழுந்திருக்கும். என் பொய்யின் நிறம் தரித்த நான்கு கம்பிகளுக்கு நடுவே ஏழு முளைகளும் மூடுண்டிருக்கும். மன்னாரில் அக்காவின் தடிகள் பிடுங்கப்பட்டு, அங்கே இப்போது நெல் நிற்கிறது. நான் நூலைப் பிடித்தபடி, ஒரு கால் புல்தரையிலும் ஒரு கால் நடைபாதையிலுமாக நின்றேன். எந்தப் பக்கம் எடுத்து வைப்பது என்று யோசித்துக் காலைச் சற்று அசைத்திருப்பேன் போலும், நூல் தளர்ந்தது.

“அசையாதை,” என்றாள் அக்கா, தலை நிமிராமல். “இன்னும் பாத்து முடியேல்லை.”