நடந்தே தாண்டிய வாய்க்கால்

உடற்கல்வியில் பி.பி.எட். முடித்த கையோடு பாகூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கேட்டேன். “ஒரு கிளாஸ் எடு, பாத்துட்டுச் சொல்றேன்” என்று தலைமையாசிரியை வராந்தாவில் நின்றுகொண்டார். ஒன்றாம் வகுப்புக்கு, இரண்டு காலையும் சேர்த்துத் தாவும் விளையாட்டு. மண் தரையில் சுண்ணாம்பால் இரண்டு கோடு கிழித்து, நடுவில் வாய்க்கால் என்றேன். எல்லோரும் தாவினார்கள். ஒருத்தி மட்டும் நடந்தே கடந்தாள்.

“தாவுடி, தண்ணி கீதுல்ல?”

“எங்க சார் கீது? டூப் வுடாத.”

பசங்க சிரித்தார்கள். வேலை போச்சு என்று நினைத்தேன். ஒரு பக்கெட் தண்ணீரைக் கோடுகளுக்கு நடுவே கவிழ்த்தேன். அவள் தன் வெள்ளை ஷூவைப் பார்த்தாள், முழங்காலை மடக்கினாள், சுத்தமாகத் தாவினாள்.

நான் கைதட்டுவதற்குள் மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் சேற்றுக்குள்ளேயே குதித்தார்கள்.

“நாளைக்கி வா தம்பி,” என்றார் தலைமையாசிரியை. “இன்னிக்கி இதுங்கள நீயே கழுவி வுடு.”