இடிக்க வேண்டிய சுவர்

சனிக்கிழமை கட்டுவார், ஞாயிற்றுக்கிழமை இடிப்பார். என் அப்பாவைத்தான் சொல்கிறேன். ஃபிஜித் தீவில், லௌடோகா நகரத்துக்கு வெளியே ட்ராசாவில், எங்கள் வீட்டின் பின்பக்கம், கோழிக்கூண்டுக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் இரண்டு மாதமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வந்தது, இங்கிலீஷ் வந்தது. சொந்த வீட்டுக் கொல்லையில் நடப்பது மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

அப்பா கொத்தனார் இல்லை. வெளிநாட்டுச் சாமான் இறக்கும் ஒரு கம்பெனியில் கிளார்க். வெள்ளைச் சட்டை, அதன் பையில் இரண்டு பேனா, நகத்தில் அழுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. கரும்பு வெட்டிய குடும்பத்தில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவர்தான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெருமை. அப்படிப்பட்டவர் ஆபீஸ் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, பனியனோடு குந்தி உட்கார்ந்து, சுண்ணாம்பையும் மணலையும் குழைத்தால் பெற்ற பெண் என்ன நினைப்பாள்? அப்பாவுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் நாட்டுக்கே புத்தி பிசகித்தான் கிடந்தது. தலைநகரத்தில் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. துப்பாக்கி வைத்தவர்கள் சாலையில் நின்று பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. கனடா போய்விட்டாள் என்று டீச்சர் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் காணோம். தெருவில் வீட்டுக்கு வீடு சோபாவும் ஃப்ரிட்ஜும் தையல் மெஷினும் வாசலுக்கு வந்து விலைக்கு நின்றன. பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேல் தலையை நீட்டி, "தும் லோக் பி ஜாயேகா?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார். நீங்களும் போகிறீர்களா என்று கேட்கிறார். தமிழும் ஃபிஜி ஹிந்தியும் எங்கள் வீடுகளில் ஒன்றாகத்தான் புழங்கின.

"இல்ல அத்தே, எங்கப்பா சுவர் கட்டுறாரு" என்பேன்.

என் கணக்கு சுலபமானது. போகிறவர்கள் விற்கிறார்கள். நாங்களோ மணலும் சுண்ணாம்பும் வாங்குகிறோம். ஆகவே நாங்கள் போகவில்லை. ஆனால் அப்பா ஞாயிறு மாலை அந்தச் சுவரை இடித்து, ஒவ்வொரு செங்கல்லாகச் சுரண்டி அடுக்கும்போது என் கணக்கு குழம்பிவிடும்.

பெரியவர்கள் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். ஒரு சாயங்காலம் எங்கள் தகரக் கூரையில் மூன்று கல் விழுந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த வீட்டில் தூக்கம் போய்விட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். அங்கே கிளார்க்குகள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள், செங்கல் வைக்கத்தான் ஆள் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் அப்பா ஆபீஸ் முடிந்து தொழிற்பயிற்சிப் பள்ளியில் மாலை வகுப்பில் சேர்ந்து, எட்டு மாதமாகக் கொத்து வேலை படித்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் தேறினால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் விசா. இதை என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, கம்பெனிக்குத் தெரிந்து இருக்கிற வேலையும் போய்விடும் என்று அம்மா பயந்தார். பயந்ததில் தப்பு சொல்ல முடியாது, என் வாய் அப்படிப்பட்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கம் வீடு என்றால் மரமும் தகரமும். வசதி இருந்தால் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பிளாக். சிவப்புச் செங்கல் அபூர்வம். எங்கிருந்தோ வரவழைத்த சில நூறு செங்கல்லை வைத்துக்கொண்டுதான் அந்தப் பள்ளிக்கூடம் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சிச் சுவர் எழும்பும், மாஸ்டர் வந்து பார்ப்பார், சுவர் இறங்கும், அதே கல் அடுத்தவர் கைக்குப் போகும். அதனால் கல் உடையாமல் பிரிவதற்குச் சுண்ணாம்புக் கலவைதான், சிமெண்ட் ஒரு சிட்டிகைகூடச் சேரக் கூடாது என்பது அங்கே முதல் சட்டம். பரீட்சைக்கு முன் வீட்டில் பழகிக்கொள்ளட்டும் என்று அப்பாவுக்கு நூறு செங்கல் இரவல் கொடுத்திருந்தார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் சுவர் நிற்பதில்லை, அதனால்தான் இடிக்கிறார் என்பதுதான். பள்ளியில் ஒருத்தி என்னை 'விழுந்த சுவர் வீட்டுப் பெண்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவமானம் தாங்காமல் அப்பாவிடமே கேட்டேன்.

"ஏம்பா இது நிக்க மாட்டேங்குது?"

"சுண்ணாம்பு பாப்பா, அப்பிடித்தான். சிமெண்ட் போட்டா நின்னுடும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த வாரமே அம்மா சமையலறையில், "இந்தச் சுவர் மட்டும் பராபரா, ஒழுங்கா வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று அப்பாவிடம் சொல்வது காதில் விழுந்தது. எல்லாம் சரியாகும் என்றால் என்ன? கூரையில் கல் விழாது, பக்கத்து இருக்கைப் பெண் கனடாவிலிருந்து திரும்பி வருவாள், நாங்கள் இங்கேயே இருப்போம். எனக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை. துணி துவைக்கத் தளம் போட்டபோது மிஞ்சிய அரை மூட்டை சிமெண்ட் வீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக்கில் கட்டிக் கிடந்தது. பாவம், அப்பா அதை மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

பரீட்சை வியாழக்கிழமை என்று இருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை காலை, அப்பா குளிக்கப் போன சமயத்தில், பால்பவுடர் டின்னால் ஆறு டின் சிமெண்ட் அள்ளி மணல் குவியலில் கொட்டிக் கிளறினேன். எங்கள் ஆற்று மணல் கருப்பு. சிமெண்ட் உள்ளே போன சுவடே தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நல்ல பிள்ளையாக எலுமிச்சை மரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

அப்பா வந்து சுண்ணாம்பைச் சேர்த்துக் குழைத்தார். எப்போதும் முதல் கரண்டிக் கலவையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். மாஸ்டர் சொல்லிக் கொடுத்த பழக்கம். அன்றைக்கும் தேய்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேய்த்தார் என்று ஞாபகம். மணல் குவியலைப் பார்த்தார், வீட்டுக்கு அடியில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வா பாப்பா, கயிறு புடி" என்றார்.

நான் கயிற்றைப் பிடித்தேன். அப்பா ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டு, என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மூலைச் சுவர் எழுப்பினார். இரண்டு மாதத்தில் அவ்வளவு நேரான சுவரை நான் பார்த்ததில்லை. நாலு கல் மிச்சம் இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று கையைக் கழுவிவிட்டார்.

மறுநாள் பக்கத்து ஊரான நாடியில் கோயில் திருவிழா. விடியற்காலையிலேயே கிளம்பிப் போனோம். திரும்பும் வழியில் சாலையை மறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததால் பெரியம்மா வீட்டில் தங்கினோம். திங்கட்கிழமை வழி திறந்தாயிற்று என்று சொன்னார்கள். அம்மா பரீட்சை பரீட்சை என்று தவித்தார். அப்பா மட்டும் அவசரப்படவில்லை. இன்னொரு நாள் பார்த்துவிட்டுப் போவோம் என்று பெரியப்பாவோடு உட்கார்ந்து, வேரை இடித்துக் கரைத்த யங்கோனா குடித்தார். வீடு வந்து சேர்ந்தபோது செவ்வாய் மத்தியானம்.

அம்மா கல்லைப் பிரித்து வைக்க நேராகக் கொல்லைக்குப் போய்ச் சுவரைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கல்தான் மூளியாயிற்று, கலவை விடவில்லை. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"சிமெண்ட்! யாரு போட்டது? நூறு கல்லும் போச்சே! நாளைக்கு மாஸ்டர் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க? பரீட்சை எழுத விடுவாரா இனிமே?"

அம்மா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். சுவர் நிற்கிறது, அம்மா அழுகிறார். நான்தான் போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் போட்டேன்."

"நீங்களா? எட்டு மாசம் படிச்ச ஆளுக்குச் சுண்ணாம்புக்கும் சிமெண்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"கவனம் தப்பிடுச்சு" என்றார் அப்பா. எனக்காகப் பொய் சொல்கிறார் என்று எனக்கு மனசு உருகிப் போயிற்று. அன்று முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினேன்.

புதன்கிழமை, மறுநாள் பரீட்சைக்கு இரவல் கல்லைத் திருப்பி எடுத்துப் போக மாஸ்டர் லாரியோடு வந்தார். அவர் ஃபிஜிப் பூர்வகுடி. ஆறடிக்கு மேல் உயரம், எங்களைவிட நன்றாக ஹிந்தி பேசுவார். சுவரை ஒரு முறை சுற்றி வந்தார். விரல் நகத்தால் கலவையைச் சுரண்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கோழிகள் சிதறி ஓடும்படி சிரித்தார்.

"அரே பாபு, பள்ளிக்கூடத்துக் கல்லை வெச்சு உங்க வீட்டுக்கு அரண்மனையா கட்டிட்டே?"

அப்பா தலை குனிந்து நின்றார். "தப்புதான் மாஸ்டர். நான் பரீட்சைக்கு வரல" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் ரசமட்டத்தை எடுத்துச் சுவரின் தலையிலும் பக்கத்திலும் வைத்தார். தூக்குக்குண்டு விட்டார். மூலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "வினாகா" என்று தனக்குள்ளே சொன்னார், நன்றாக இருக்கிறது என்று. பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"மத்தவங்க சுவர் ரெண்டு வரிசை குறையும், அவ்வளவுதானே. இதை என் லாரியில ஏத்த முடியாது. அதனால உன் பரீட்சை இங்கேதான். அந்த நாலு கல்லை வை, நான் பார்க்கிறேன்."

அம்மா சிமெண்ட் படாத பழைய மணலை எங்கிருந்தோ கூட்டி அள்ளிக்கொண்டு வந்து தானே குழைத்தார். அப்பா மூன்று கல்லை வைத்தார். நாலாவது கல் வைத்தபோது அது கோணலாக உட்கார்ந்தது. மாஸ்டர் அந்த நேரம் பார்த்து, அம்மா நீட்டிய டீயை வாங்கத் திரும்பியிருந்தார். அப்பா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். 'தட்டுப்பா, தட்டு' என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் அம்மாவைப் பார்த்தார். டீக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்த அம்மா தகரக் கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அப்பா கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டி அதை நேராக்கினார்.

மாஸ்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா போய் வெகுநேரம் கை கழுவினார்.

நாலு மாதத்தில் எங்கள் சோபாவும் வாசலுக்கு வந்துவிட்டது. சுவர் நின்றால் நாங்களும் நிற்போம் என்று நம்பியவள் நான். சுவர் நின்றது, நாங்கள்தான் கிளம்பினோம். நாடி விமான நிலையத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் கணக்கு எங்கே தப்பியது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

வருஷங்கள் போயின. சிட்னியில் நான் காலேஜில் படித்த சமயம், அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை ஒரு நாள் அவர் வேலை செய்த இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவன் கலவையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தான். அப்பா என்னிடம் பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், அதில் இரண்டு விரலை விட்டுத் தேய்த்தார்.

"சிமெண்ட் கூடிப்போச்சு. வேற கொண்டா" என்று அவனிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, "சாம்பாரா, ரசமா?" என்று என்னைக் கேட்டார்.

பெரியம்மா வீட்டில் அவர் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்ததும், 'நான்தான் போட்டேன்' என்றதும், கோணலாக உட்கார்ந்த அந்தக் கல்லும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஊரை விட்டுக் கிளம்ப மனசில்லாதவள் நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. ரசம் என்று சொல்லி டப்பாவைக் கொடுத்தேன். அன்றைக்கு எலுமிச்சை மரத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அப்பாவை நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.