பச்சைப் பாம்பு என்று நினைத்தோம்

2005 வாக்கில், தீபாவளி முடிந்த கையோடு நடந்தது இது. தீபாவளி சீசன் முடிந்தால் சிவகாசிப் பக்கம் பட்டாசு கம்பெனிகளைக் கொஞ்ச நாள் அடைத்துவிடுவார்கள். நான் அப்போது ஒரு கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி அங்கேயே சரவெடி பின்னும் வேலை பார்த்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. லீவு விட்டதும் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கோயிலுக்குப் போனோம்.

சரம் பின்னுவதில் அவள் கை அவ்வளவு வேகம். சமையல்தான் வரவில்லை. என் அக்கா அதைச் சொல்லிக் கேலி பண்ணிக்கொண்டே இருக்கும். அவள் முகம் வாடிப்போகும்.

சாமி கும்பிட்டுவிட்டு ஓடையில் குளிக்கப் போனோம். மழை விட்டு மூங்கில் புதரெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூங்கிலில் பச்சையாகப் பாம்பு ஒன்று சுற்றிக் கிடந்தது. வேலியில் கிடக்கிற, கடித்தாலும் ஒன்றும் செய்யாத பச்சைப் பாம்பைப் பெண்கள் கையால் உருவிவிட்டால் சமையலில் கைமணம் வரும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு.

“ஏ புள்ள, பச்சைப் பாம்பு கிடக்கு பாரு! ஒரு உருவு உருவிட்டு வா. இனியாச்சும் எந்தம்பி நாக்கு பிழைக்கட்டும்” என்றது அக்கா.

“ரெண்டு தடவையா உருவுத்தா. குழம்புக்கு ஒண்ணு, ரசத்துக்கு ஒண்ணு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. சாமி படத்தைத் தொடுவதுபோல மெதுவாகக் கையை நீட்டினாள். மறு நொடி வீலென்று கத்திக் கையை உதறினாள். ஆள்காட்டி விரலில் ரத்தம்.

கடித்த பாம்பு ஓடவில்லை. அதே மூங்கிலில் அப்படியே கிடந்தது. ஓடியிருந்தால் பிழைத்திருக்கும். கூட வந்தவர்கள் கம்பால் அடித்துப் போட்டார்கள். சத்தம் கேட்டு வந்த காட்டுக் காவலர் அதன் அகலமான தலையைப் பார்த்தார்.

“இது மூங்கில் விரியன். இப்பல்லாம் கண்ணுல படுறதே அபூர்வம். இந்த ஈரத்தையும் நிழலையும் விட்டா இதுக்குப் போக்கிடம் கிடையாது. அது பாட்டுக்குக் கிடந்துச்சு, நீங்கள்ல தேடி வந்தீக” என்றார். பிறகு பேச்சை விட்டுவிட்டு, எங்களோடு வேனில் ஏறி ஆஸ்பத்திரிவரை வந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வழக்கமான விஷமுறிவு மருந்து இந்தப் பாம்புக்குக் கேட்காது என்றார்கள். கை முழங்கைவரை வீங்கி, விரல் கறுத்து, கடைசியில் பாதி விரலை எடுக்கும்படி ஆயிற்று.

கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவள் என்னிடம் கேட்டாள், “அதை அடிச்சுட்டாகளா?” தலையை ஆட்டினேன். அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டவள் அப்போதுதான் அழுதாள். “வெளாட்டுக்குத்தானத்தா சொன்னேன்” என்று அக்காவும் கூடவே அழுதது.

கம்பெனி திறந்த அன்று தெருமுனைக்கு வேன் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. சரம் பின்ன அந்த விரல் வேண்டும். அதன் பிறகு அவள் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. ருசி வந்துவிட்டது என்பதற்காக இல்லை, சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நாங்கள் ஆசையில் வைத்த தப்பான பேருக்கு அவள் விரல் போனது, தன் இடத்தில் சும்மா கிடந்த ஓர் உயிரும் போனது; இன்றைக்கும் மேற்கே மலையில் மழை இறங்குவதைப் பார்த்தால், அந்த ஓடைக்கரையில் அந்த இனத்தில் இன்னொன்றாவது மிச்சமிருக்க வேண்டும் என்றுதான் மனது வேண்டிக்கொள்கிறது.