சொன்னது, சொன்னவர், நடந்தது

"உனக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியும்மா. இங்கிலீஷ்ல பேசுறவங்களைத் தெரியாதுலா. நீ எத்தனை நாளைக்குத் தாங்குறேன்னு பார்ப்போம்."

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அலுவலகத்துப் பின்னறையில் கோப்பி கலக்கிக்கொண்டே அக்கா இப்படிச் சொன்னார். எங்கள் பிரிவில் என்னைத் தவிர அவர் ஒருவர்தான் தமிழர். பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறார். கான்வென்டில் படித்தவர். அவருடைய ஆங்கிலம் தடுக்காமல் ஓடும். நான் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள், இவர் எதற்காக இதைச் சொல்கிறார் என்று யோசித்தேன். அன்றிலிருந்து அவரையும் கவனிக்க ஆரம்பித்தேன்.

பினாங்கில் துறைமுகத்துக்கு அருகில் இருக்கும் சின்ன நிறுவனம் அது. தொழிற்சாலைகளின் சரக்குக்குக் கப்பலில் இடம் பிடிப்பது, பத்திரம் தயாரிப்பது, கண்டெய்னரை எடுக்க லோரி அனுப்புவது எங்கள் வேலை. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் தேறினால் வேலை நிரந்தரம், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் மேசையும் கிடைக்கும். தேறாவிட்டால் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்த மேசை வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா லோரியில் கெலிண்டான். ஓட்டுநரோடு போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும் ஆள். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். யாராவது ஒரு தாளை நீட்டினால் அவர் தாளைப் பார்க்க மாட்டார், நீட்டியவரின் முகத்தைப் பார்ப்பார். அம்மா ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கிறார். நான் போலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கியதும் சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் ஏழு மாடிக்கும் அவரே சேதி சொல்லிவிட்டார்.

பள்ளியில் எனக்கு ஆங்கிலத்தில் எப்போதும் ஏ. டியூஷனில் 'பொம்பாஸ்டிக் வார்த்தைகள்' என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். கட்டுரைக்குப் பளபளப்புச் சேர்க்கும் நீளமான சொற்கள். இருநூறுக்கு மேல் மனப்பாடம் செய்திருந்தேன். அலுவலகத்தில் அவற்றில் ஒன்றைக்கூட யாரும் பேசவில்லை. அங்கே எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தவை. ஆனால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் வேறு ஏதோ ஒன்று கைமாறுவதுபோல் இருந்தது. அது எனக்குப் பிடிபடவில்லை.

அகராதி உதவாது என்று தெரிந்தது. ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் கைப்பைக்குள் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் சொன்ன வார்த்தை. இரண்டாவதில் யார் யாரிடம் சொன்னார். மூன்றாவதை உடனே எழுத மாட்டேன். சில நாள் காத்திருந்து, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்து எழுதுவேன்.

'வி வில் லுக் இன்டு இட்.' மேனேஜர், பெட்டிகள் நனைந்துபோன வாடிக்கையாளரிடம். மூன்றாவது கட்டம்: பதினொரு நாளாக யாரும் பார்க்கவில்லை.

'நோ வொர்ரிஸ்.' மேனேஜர், தாமதமாக வந்த லோரிக்காரரிடம், சிரித்தபடி. மூன்றாவது கட்டம்: மறுவாரத்திலிருந்து வேறு லோரி.

'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்.' அக்கா, சிங்கப்பூர் ஏஜென்டிடம், போனில். மூன்றாவது கட்டம்: இதற்குப் பிறகுதான் சண்டையே ஆரம்பம்.

'டச் வுட்.' கப்பல் நேரத்துக்கு வரும் என்று சொன்ன மேனேஜர், சொன்ன கையோடு, கண்படாமல் இருக்க மரத்தைத் தொடுவதாக, மேசையைத் தட்டினார். மூன்றாவது கட்டம்: கப்பல் வந்தது. மேசை பிளாஸ்டிக்.

'எ லிட்டில்' என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கியிருந்தேன். 'எ லிட்டில் டிலே' என்றால் நான்கு நாள். 'எ லிட்டில் இஷ்யூ' என்றால் இரண்டு கண்டெய்னர் நிறைய ஈரம்.

பேச்சு அப்படித்தான் பிடிபட்டது. நான்காவது மாதத்தில் போன் அடித்தால் நானே முதலில் எடுத்தேன். எதிர்முனையில் ஒருவர் 'ஐ அப்ரிஷியேட் யுவர் பேஷன்ஸ்' என்றால் இன்னும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று என்னால் கணிக்க முடிந்தது. அக்காவுக்கே சில நேரம் என் கணிப்பு ஆச்சரியமாக இருந்தது. அதை அவர் சொன்னதில்லை. நான்தான் கண்டுகொண்டேன்.

அந்த மாதத்தில்தான் பட்டர்வொர்த் விஷயம் நடந்தது. பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னரை எடுக்க அக்கா தயாரித்த பத்திரத்தில் அதன் எண்ணில் ஒரு இலக்கம் தவறு. லோரி கிளம்புமுன் நான் கண்டுபிடித்தேன். கிளம்பியிருந்தால் யாருடைய சரக்கோ யாருடைய தொழிற்சாலைக்கோ போயிருக்கும். அக்கா என் தோளைத் தொட்டு, "டோன்ட் வொர்ரி, ஐ வில் டெல் ஹிம்" என்றார். நீதான் கண்டுபிடித்தாய் என்று மேனேஜரிடம் சொல்கிறேன் என்று அர்த்தம். நோட்டில் எழுதினேன். இரண்டு வாரம் காத்திருந்தேன். மேனேஜர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்: சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம் முடியும் நேரத்தில், ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் என் மேசை அருகே வந்து நின்றார். "யு ஹாவ் பீன் எ கிரேட் ஹெல்ப்," என்றார். "லெட்ஸ் ஹாவ் எ லிட்டில் சாட் ஆன் ஃப்ரைடே."

அவர் போனதும் நோட்டைப் புரட்டினேன். 'கிரேட் ஹெல்ப்' ஏற்கெனவே இருந்தது. நான் சேர்ந்த இரண்டாம் மாதம், பக்கத்து மேசை மலாய்ப் பெண்ணிடம் இதே மனிதர் சொன்னது. அவளும் தகுதிகாண் காலத்தில் இருந்தவள். மூன்றாவது கட்டம்: கேக் வெட்டினார்கள். அடுத்த வாரம் நாற்காலி காலி.

அதோடு 'எ லிட்டில்' வேறு.

அன்று வீட்டில் அம்மா, "கன்ஃபார்ம் ஆயிருச்சா? மூணாவது மாடி அக்கா கேக்குறாங்க," என்றார். "வெள்ளிக்கிழமை சொல்வாங்கம்மா," என்றேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் பிரிண்டருக்குப் போய்த் திரும்பியபோது அக்கா என் நாற்காலி அருகே நின்றிருந்தார். நோட்டு அவர் கையில் விரிந்திருந்தது.

"பசியாறக் கூப்பிடலாம்னு வந்தேன், தொறந்து கெடந்துச்சு. என்னாலா இது? எச்.ஆருக்கு ரிப்போர்ட்டா?"

"இல்லக்கா. இங்கிலீஷ் படிக்க."

"இங்கிலீஷா? 'மேசை பிளாஸ்டிக்'காம்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் புரட்டினார். சிரிப்பு நின்றது. அவர் எந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறார் என்று பார்க்காமலே தெரிந்தது.

"சொல்லலேன்னு எழுதியிருக்கே."

நான் நோட்டுக்குக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலமே சொன்னேன். அவர் ரூமுல, கதவைச் சாத்திக்கிட்டு. என் தப்பை நானே சொன்னேன். உன் முன்னாடியா வந்து சொல்லணும்? நீ பார்க்கலேன்னா நடக்கலையா?"

"அப்ப அவர் ஏன்க்கா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை?"

"அது அவரைக் கேளு." நோட்டை மேசையில் வைத்தார். வைத்த பிறகும் ஒரு விரலை எடுக்கவில்லை. "இது என்ன, கேக்கு, நாற்காலி? அவளை யாரு போகச் சொன்னா? புருஷனுக்கு ஜோகூர்ல வேலை, கூடப் போயிட்டா. மேனேஜர் இருக்கச் சொல்லிக் கெஞ்சினாரு. இது ஆபீஸுக்கே தெரியும். நீதான் நோட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தே."

பசியாறக் கூப்பிடாமலே போய்விட்டார்.

எனக்கு அவர் சொன்ன இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேசுவார்கள். ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வழி இருந்தது. மலாய்ப் பெண்ணின் எண் என்னிடம் இருந்தது. எப்படி இருக்கிறாய், ஏன் வேலையை விட்டாய் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பதில் வந்தது. கணவனோடு வந்துவிட்டாளாம். மேனேஜர் இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொன்னாராம், தன்னால் முடியவில்லையாம். கூடவே குழந்தையின் படம்.

மூன்றாவது கட்டத்தில் எழுதியதை அடித்தேன். நாற்காலி காலியானது உண்மை. அது ஏன் காலியானது என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை. ஐந்து மாதமாக எல்லாரையும் பார்த்தேனே தவிர, ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் என் ஆங்கிலத்தில் எங்காவது ஓட்டை தெரிந்துவிடும் என்ற பயம். இத்தனை நாள் அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அக்கா சொன்ன மற்றதைச் சரிபார்க்க வாட்ஸ்அப் உதவாது. சாத்திய கதவுக்குள் இருந்தது இரண்டே பேர். புதன்கிழமை முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. போய் உட்கார்ந்து மேனேஜர் சொல்வதைக் கேட்டு, வழக்கம்போல் தலையாட்டிவிட்டு, பிறகு என்ன நடக்கிறது என்று காத்திருந்து எழுத இந்த முறை எனக்கு நேரமில்லை. எழுதும்போது நான் அந்த அலுவலகத்திலேயே இல்லாமல் போகலாம்.

வியாழக்கிழமை அரை மணி முன்னதாக வந்து மேனேஜருக்கு மின்னஞ்சல் எழுதினேன். முதல் வரைவில் பொம்பாஸ்டிக் வார்த்தைகள் நான்கு வந்துவிட்டன. எல்லாவற்றையும் அழித்தேன். மிஞ்சியது சின்ன வார்த்தைகளில் மூன்று வாக்கியம். என் தகுதிகாண் காலம் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது, வாடிக்கையாளர் மேசைக்கு என்னை எடுத்துக்கொள்வீர்களா? பட்டர்வொர்த் கண்டெய்னரின் தவறான எண்ணைக் கண்டுபிடித்தது நான், அதை அக்கா உங்களிடம் அன்றே சொன்னதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை நாம் பேசும்போது ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

மேனேஜரின் முகவரிக்குக் கீழே, பிரதி போகும் இடத்தில் அக்காவின் முகவரியைச் சேர்த்தேன். அவர் சொன்னது பொய்யென்றால் அங்கேயே தெரிந்துவிடும். உண்மையென்றால் அதுவும் தெரியும்.

ஒன்பது பத்துக்கு அக்கா வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்தார். அவர் பையை மேசைக்கடியில் வைக்கும்வரை காத்திருந்து, அனுப்பினேன்.