பொட்டு வைத்த டிரெய்லர்

பீங்கான் சூளைகளுக்குச் சொந்த டிராக்டரில் களிமண் அடித்துப் பிழைக்கும் செல்வநாயகி, ராஜாங்கம் விற்கிற பழைய டிரெய்லரைப் பார்க்க வேப்பூருக்குப் போனாள்.

"அடிபடாத வண்டிங்கக்கா. நேத்துதான் பூஜை போட்டேன்" என்றான் ராஜாங்கம்.

அடிச்சட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. வண்டிக்கு அடியில் யார் பொட்டு வைப்பார்கள்? அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. குனிந்து முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். உடைந்த சட்டத்தை ஒட்டிய வெல்டிங் பல்லிளித்தது.

"சாமி பேரச் சொல்லி மறைக்கிறியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

"வெல்டிங் கெட்டியா இருக்குதுங்கக்கா" என்று அவன் குழைந்தான்.

விரலால் தடவிப் பார்த்தாள். ஒட்டு நிஜமாகவே கெட்டிதான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"வந்ததுமே காட்டியிருந்தீன்னா இன்னிக்கே மாட்டி இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்யா. இப்ப டயர்ல காத்து இருக்குதுன்னு நீ சொன்னாக்கூட ஒதச்சுப் பாத்துதான் நம்பணும்!"