அறுக்கத்தான் குடுக்குறோம், மாமா

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதக் காலையில், காரைக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அம்மா இறந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் எப்போதோ முடிவு செய்து, சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மகளான நான் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரி வண்டி வந்து நின்றது. அதே நேரம் கொத்தமங்கலத்திலிருந்து மாமா, அம்மாவின் ஒரே தம்பி, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து இறங்கினார். வண்டி எதற்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் நிலைப்படியை மறித்து நின்றுகொண்டார்.

"ஏத்தா, பெத்தவளை அறுத்துப் பாக்கக் குடுப்பியா? சாம்பல் இல்லாம ராமேஸ்வரத்துல எதைக் கரைப்பே?"

பக்கத்து வீட்டுக்காரர் சமாதானமாக, "அறுக்கவெல்லாம் மாட்டாக, சும்மா பாத்துப் படிப்பாக" என்றார். நானும் தலையாட்டியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது.

அம்மா விலங்கியல் ஆசிரியை. பிளஸ் ஒன்னில் நானும் அவர் வகுப்பில்தான் இருந்தேன். அனாட்டமி என்பது கிரேக்கச் சொல், அறுத்துத் திறப்பது என்று பொருள் என்றுதான் பாடத்தையே தொடங்குவார். உடற்கூறியல் என்று தமிழில் சொன்னால் காதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் அறுத்துப் பார்த்த பிறகுதான் உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று மனிதனுக்குத் தெரிந்தது, முகம் சுளிக்காமல் எழுதுங்கள் என்பார்.

"ஆமா மாமா, அறுக்கத்தான் குடுக்குறோம். அந்தப் படிப்புக்குப் பேரே அதுதான். மதுரையில உங்களுக்கு பைபாஸ் செஞ்ச டாக்டரு, முதமுதல்ல யாரை அறுத்துப் படிச்சிருப்பாரு? அதுவும் யாருக்கோ அக்காவாத்தானே இருந்திருக்கும்?"

மாமாவின் கை தன் நெஞ்சுத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே போய் அம்மாவுக்குக் கோடியைப் போர்த்தினார். வெளியே வந்து டிரைவரிடம், "வண்டியைக் கொஞ்சம் இங்குட்டு எடுங்க. அக்கா தலை இடிச்சிராம ஏத்தணும்" என்றார்.

அஸ்தி கரைக்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று ‘அறுக்க’ என்ற அந்தச் சொல்லை நான் மென்று விழுங்கியிருந்தால், ஆயுசு முழுக்க அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் வாசலிலேயே நான் பொய்யாக்கியிருப்பேன்.